ஏரியும் வரட்டும் என்றேன்

அந்தப் பெட்டியின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. தீப்பெட்டி அகலம்கூட இராது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், எதிரே நிற்கிற மனிதர்கள் எல்லாம் அதற்குள் நகம் அளவுக்கு வந்து நிற்பார்கள். வலது பக்கம் இருப்பவர் இடது பக்கம் தெரிவார். என் அண்ணன் ஒரே ஒருமுறை எனக்கு அதைக் காட்டினார். அப்போது அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாமல், அவ்வளவு சின்னதாக, அம்மாவின் கை அதற்குள் ஆடியதைப் பார்த்தேன். பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆனால் சொல்கிற எதிலும் கூட்டல் குறைச்சல் இல்லை. எங்கள் வீட்டு மனிதர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பாரிவாக்கத்தில் நாலு ஏர் கட்டிய வீடு எங்களுடையது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஊரில் முதன்முதலில் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் என் அண்ணன். பூந்தமல்லியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். அந்த டாக்டர் தன் ஊருக்குக் கப்பல் ஏறும்போது, பத்து வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்த கைக்கு என்று சொல்லி, அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் கேமரா வந்தது.

வெயிலில் எடுத்தால் ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது. பந்தல் நிழலில் எடுப்பதுதான் பாடு. பெட்டியை முக்காலிமேல் வைத்து, பக்கத்தில் இருக்கிற தகட்டை இழுத்துவிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி மூடவேண்டும். அந்த மூன்று எண்ணும் வரைக்கும் யாரும் ஆடக்கூடாது. ஆடினால், ஆடினவர் முகம் ஈரக் கையால் கோலத்தை இழுத்துவிட்ட மாதிரி அழிந்து வரும். உடம்பு இருக்கும், நகை இருக்கும், முகம் இருக்காது.

முதலில் அப்படி வந்தது எங்கள் நைனா. அண்ணன் கல்யாணத்துக்கு மறுநாள், பந்தலில் எல்லாரையும் உட்காரவைத்து அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு எண்ணும்போது கொல்லையில் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிற்று. “எவண்டா அவுத்து வுட்டது?” என்று நைனா திரும்பிவிட்டார். படம் வந்ததும் அதைப் பார்த்து அவர்தான் அதிகம் சிரித்தார். “இன்னாடா இது, எனக்கு மூஞ்சியே இல்ல. மேல்துண்டு மட்டும் குந்திக்கினு கீது.” ஆடி மாதம் கழனிக்குத் தண்ணீர் கட்டப் போனவரைப் பாம்பு கடித்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் அண்ணிக்கு வளைகாப்பு. இரண்டு கையும் வளையலோடு உட்காரவைத்து அண்ணன் எண்ணினார். பக்கத்தில் இருந்த எங்கள் அத்தை, “கம்பவுண்டரு பொஞ்சாதிக்கு மருந்து குடுத்தாப்பல எண்ணி எண்ணி இல்ல படம் புடிக்கிறான்” என்றாள். அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்து ஆட்டிவிட்டாள். படத்தில் வளையல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி வந்தது. கழுத்துக்கு மேலே வெறும் புகை. பிள்ளைப்பேற்றில் அண்ணியும் போனாள், பிள்ளையும் போயிற்று.

அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டுச் சொன்னாள். “எவுங்க மூஞ்சி அதுல அழியுதோ அவுங்கள அது கூப்டுகினு போவுது.” பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் போட்டாள். அண்ணனோ எந்த நோய்க்கு எது காரணம் என்று தெரிந்த மனிதர்; ஊரில் பேய் என்றவனை எல்லாம் மலேரியா என்று சொல்லிக் கொய்னா மாத்திரை விழுங்கவைத்தவர். அவர் வாயிலிருந்தே மறுப்பு வரவில்லை. கயிற்றின் இரண்டாவது முடிச்சை அவர்தான் போட்டார்.

அதைக் கீழே இறக்கவைத்தவள் நான். இதைச் சொல்வதற்கு எனக்கு இந்த வயது வேண்டியிருந்தது.

என்னை அயனம்பாக்கத்தில் கொடுத்திருந்தார்கள். என் பெண்ணுக்கு மூன்று வயதில் காது குத்து. எங்கள் பக்கம் மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம். அதனால் விழா என் அம்மா வீட்டில். என் ஓர்ப்படி பிள்ளைக்குப் பட்டணத்தில் கடைக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டுவாள். நம் வீட்டில் சொந்தமாகப் பெட்டி இருக்கும்போது என் பெண் மட்டும் எதில் குறைச்சல் என்று எனக்கு.

“அண்ணா, அந்தப் பொட்டிய எறக்கு” என்றேன்.

“வாணாம் தங்கச்சி. வேற ஆள வெச்சி எடுத்துக்கலாம்.”

“அம்மா சொல்றத நீயும் நம்புறியா? இம்மாந் தூரம் படிச்சிட்டு?”

அந்தச் சொல் அவரைத் தைத்துவிட்டது. ஏணியைக் கொண்டுவந்து போட்டுத் தானே இறக்கினார்.

காது குத்தி முடிந்ததும் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர், “மச்சான், மாமன் மடியிலதான் புள்ள இருக்கணும். நீ போய் உக்காரு, நான் எண்றேன்” என்று கையை நீட்டினார். அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வாணாம் மாப்ள. இது என் கையோட போவட்டும்.” அவர் அதை யார் கையிலும் கொடுத்ததே இல்லை. ஆகாதது ஏதாவது வந்தால் அதைச் செய்த கை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தார் போலும். எங்கள் வீட்டுப் படம் எதிலும் அவர் இல்லாமல் போனது அப்படித்தான்.

ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். அழுது முடித்துத் தேம்பிக்கொண்டிருந்த பிள்ளை, பந்தலுக்குள் வந்த ஆட்டுக்குட்டியைப் பார்க்க வெடுக்கென்று திரும்பியது.

நெல் அறைக் கதவைச் சாக்குப் போட்டு மூடி, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, பகலிலேயே அதற்குள் இருட்டு உண்டாக்கி அண்ணன் படம் கழுவுவார். அன்றைக்கு நானும் உள்ளே இருந்தேன். தட்டில் மருந்துத் தண்ணீர். வெள்ளைக் காகிதத்தில் முதலில் என் புடவைக் கரை வந்தது. பிறகு என் மூக்குத்தி, என் முகம். பிறகு மடியில் பட்டுப் பாவாடை, இரண்டு சின்னக் கை. அதற்கு மேலே ஏதாவது வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தட்டை அண்ணன் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். புகைதான் வந்தது. அவர் காகிதத்தைக் குப்புறத் திருப்பிவிட்டு, “ஈரம். காஞ்சா தெரியும்” என்றார். அவர் எனக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்த வாரமே பிள்ளைக்குக் காது வீங்கிக் காய்ச்சல் வந்தது. அண்ணன் மருந்து கொடுத்தார். இறங்கியது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி இறங்கி, மறுபடி வந்தது. காய்ச்சல் இல்லாத நாளில் பிள்ளை ஓடும், விளையாடும். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் அடுப்புக் கல் மாதிரி இருக்கும். நான் புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. அம்மா குறி கேட்கப் போகவில்லை, மந்திரிக்கப் போகவில்லை. அவளுக்கே வழி தெரிந்திருந்தது. “அழிஞ்சத திருப்பி எழுதணும். மூஞ்சி முழுசா ஒரு படம் வந்துட்டா அது வுட்டுடும்” என்றாள். நான் சிரிக்கவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை.

ஆனால் காது குத்தின நாளையும் அந்தப் பெட்டியையும் பிள்ளை ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. பெட்டியைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். தூங்கும்போது எடுக்கலாம் என்றால், கண் மூடின படம் செத்தவர்களுக்குத்தான் என்று அம்மா விடவில்லை. அண்ணன் பிள்ளையை வெயிலில் விட்டு ஓடஓட எடுத்துப் பார்த்தார். ஒரு சுருள் முழுதும் போயிற்று. எட்டுப் படத்திலும் பாவாடை ஒரு கோடு, முகம் ஒரு கோடு. “நிக்கற மன்சனத்தான் இது புடிக்கும். ஓடறத இது புடிக்காது” என்று அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். ஓடுகிற பிள்ளையை நிறுத்திக் காட்டுகிற கேமரா வேறு இருக்கிறது, அதைத் தேடவேண்டும் என்றார்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே வந்துகொண்டிருந்தார்கள். பூந்தமல்லி ரோட்டில் வண்டி வண்டியாகப் பெட்டி படுக்கை, தையல் மெஷின், கிளிக்கூண்டு. ஆவடிப் பக்கம் கழனிகளையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ராத்திரியில் விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று தண்டோரா. தெரியாத ஆள் ஊருக்குள் வந்தால் நாயைவிட முதலில் மனிதர்கள் குரைத்தார்கள். அந்த நேரத்தில் பிலிம் சுருள் எங்கே கிடைக்கும்?

பூந்தமல்லியில் ஒரு பாய் இருந்தார். ஊரை விட்டுப் போகிறவர்கள் விற்கிற சாமான்களை வாங்கி வைத்திருப்பார். அண்ணன் கையால் அவர் வீட்டில் எல்லாரும் மருந்து சாப்பிட்டவர்கள். அவர் சொல்லி அனுப்பினார். காய்ச்சல் விட்டிருந்த ஒரு நாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வண்டியில் போனேன்.

பாய் ஒரு கோரைப்பாயை விரித்து, அதன்மேல் இரண்டு கேமராவை வைத்தார். ஒன்று பெரியது. மூடியைத் திறந்தால் துருத்தி மாதிரி முன்னால் நீண்டு வந்தது. மூன்று கால் நிறுத்துக்கட்டையும் கூட. அண்ணன் அதை வாசலைப் பார்க்க நிறுத்தி, பின்னால் இருந்த கண்ணாடியில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வேறாக இருந்தது. “எதிர்ல கீற புளியமரத்துல எல எலயா எண்லாம் தங்கச்சி” என்றார். செம்பரம்பாக்கம் ஏரி தளும்பத் தளும்ப நிற்கும்போது, விடியற்காலை வெளிச்சத்தில் அதை ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அண்ணி உயிரோடு இருந்தபோது அவளிடம் சொல்வார். அந்த ஆசைக்குச் செய்து வைத்த மாதிரி இருந்தது அந்தக் கேமரா.

மற்றது சின்னது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தலையில் ஒரு திருகு, அதைச் சுற்றி எண்கள்.

“தம்பி, பெர்சு ஏரிக்கு. சின்னது புள்ளைக்கு” என்றார் பாய். “ஒரு நொடிய ஐந்நூறு துண்டா அறுத்து அதுல ஒரு துண்ட எடுக்குமாம் இது. ஓடற குதுரகூட கால தூக்கினது தூக்கினபடி நிக்கும்னு வித்த மன்சன் சொன்னான்.”

“ரெண்டும் செய்யறது ஒண்ணு இல்லியா பாய்?”

“ரெண்டும் செய்யறது இருந்தா அவன் வித்துட்டா போவான்? தூக்கிக்கினு இல்ல ஓடுவான்.” பாய் சிரித்தார். பிறகு என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “ஏரி எங்க ஓடப் போவுது தம்பி? அடுத்த வருசமும் அங்கியேதான் கெடக்கும்” என்றார்.

அண்ணன் சின்னதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். பல்லி ஒரே ஒருமுறை சொன்ன மாதிரிச் சத்தம். என் விரல் தானாகத் தரையைத் தட்டிற்று. நல்லதுக்குச் சொல்லிற்றா கெட்டதுக்குச் சொல்லிற்றா என்று பார்க்க அது பல்லி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். பெரியதை அண்ணன் தானே மடித்து, மூடியைச் சாத்தி, துணியால் ஒருமுறை துடைத்து, பாய் பக்கம் நகர்த்தி வைத்தார். சின்னதை எடுத்துக்கொண்டார்.

சுருள் தனியாக இல்லை. “உள்ள ஒண்ணு கீது. எட்டுல ரெண்டு அந்த ஆளே எடுத்துட்டானாம். பாக்கி ஆறு ஒனக்கு” என்றார் பாய். அந்த இரண்டில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. சோறு கிடைக்காத காலத்தில் பாதிப் பானைச் சோறு கிடைத்தால், முன்னால் தின்றவன் யார் என்றா கேட்போம்?

அவ்வளவு சின்னத் துண்டு நேரத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்று அண்ணன் சொன்னார். எங்கள் வீட்டைச் சுற்றி மரம். “நெல்லு அடிக்கற களத்துல எடுத்துடலாம். நல்ல வெயிலு” என்றார். நான்தான் விடவில்லை. அன்றைக்குப் பெரிய கேமராவை அவர் துடைத்து நகர்த்தி வைத்தது என் கண்ணிலேயே இருந்தது. என் பிள்ளைக்காக அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தார்; பதிலுக்கு எதையாவது அவர் கையில் வைக்கவேண்டும் என்று இருந்தது. யாரிடமும் வாங்கி வைத்துக்கொள்கிற சாதி இல்லை நான், அண்ணன் என்றாலும்.

“ஏரிக்கரைக்குப் போலாம்ணா. கரமேல புள்ள ஓடட்டும், பின்னால தண்ணி தெரியட்டும். நீ கேட்ட ஏரியும் வரட்டும்.”

“அங்க காவலு போட்டுக்கீறாங்களாமே.”

“ஆடு மேய்க்கறவங்க போறாங்க, புல்லு அறுக்கறவங்க போறாங்க. நம்மள மட்டும் இன்னா?”

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். அண்ணி போனபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. பிறகு பட்டதெல்லாம் அந்தச் சிரிப்புக்குத் தகும் என்று சில நாள் தோன்றும். பல நாள் அப்படித் தோன்றாது.

கார்த்திகை மாதம். ஏரி ததும்பி நின்றது. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் பனைமர உயரம் ஏறியிருந்தான். கரை ஈரமாக இருந்தது. முந்தின நாள் மழையின் தண்ணீர் அங்கங்கே குட்டையாக நின்றது. அண்ணன் கேமராவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, தன் நிழல் படத்தில் விழாதபடி ஒதுங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று பிள்ளையைக் கூப்பிட்டேன். தூரத்தில் விட்டிருந்த பிள்ளை என்னைப் பார்த்து ஓடிவந்தது. பல்லிச் சத்தம். திரும்ப விட்டேன், திரும்ப ஓடிவந்தது. ஐந்து தடவை. நாலாவது தடவை குட்டையைத் தாண்டிக் குதித்தது. அப்போது அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. “இது வந்துருக்கும். வந்துருக்கும் தங்கச்சி” என்றார்.

ஒன்று மீதி இருந்தது. “அது ஏரிக்கு” என்றேன். அவர் எழுந்து, நின்று, நடந்து, இடம் பார்த்தார். மதகுப் பக்கம் தண்ணீரில் வெளிச்சம் தகடு மாதிரிக் கிடந்தது. அங்கே போய் நின்று கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

பல்லிச் சத்தத்தோடு சேர்ந்து விசிலும் கேட்டது. கொக்குகள் எழும்பின. கரையின் அந்தப் பக்கம் இருந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள், பின்னால் துப்பாக்கியோடு ஒரு பட்டாளத்தான். பட்டணம் முழுதும் குடிக்கிற தண்ணீர் அது. அந்த மதகை ஒருவன் படம் எடுக்கிறான்.

“தங்கச்சி புள்ளைங்க சார். புள்ளைய படம் புடிக்க வந்தோம்” என்றார் அண்ணன்.

“புள்ளைய படம் புடிக்க ஒனக்கு மதகுதான் கெடச்சுதா?” என்றான் ஒருவன்.

நான் முன்னால் போய், “எங்க ஊடு பாரிவாக்கத்துல நாலு ஏர் ஊடு. விசாரிச்சுப் பாரு” என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன் கேமராவின் வாரைக் கழுத்திலிருந்து தானே கழற்றிக் கொடுத்தார். அதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அன்றைக்குத்தான். “நீ புள்ளைய தூக்கிக்கினு ஊட்டுக்குப் போ. மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். வெயில்ல வெச்சிருக்காத அத” என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தார். கரை நீளம். வெகுதூரம் வரைக்கும் தெரிந்தார்.

அவர்கள் சுருளைக் கழுவிப் பார்த்தார்கள். முதல் இரண்டு படத்தில் துறைமுகம். வரிசையாகக் கப்பல். கடைசியில் ஏரி மதகு. நடுவில் ஓடுகிற பிள்ளையை யார் பார்ப்பார்கள்? பாய் போய்ச் சொன்னார். விற்றவன் யார், அடையாளம் என்ன என்றெல்லாம் சொன்னார். அந்த மனிதன் ரயில் ஏறிப் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் போனார், ஊர்ப் பெரியவர்கள் போனார்கள். பங்குனியில்தான் அண்ணனை விட்டார்கள். அடித்தார்களா என்று அம்மா கேட்டதற்கு அவர் இருமினார். துணியில் சிவப்பாக இருந்தது. என்ன மருந்து கேட்கவேண்டும், அது எவ்வளவு நாள் தாங்கும் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். எதையும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு அந்தக் கார்த்திகைக்குப் பிறகு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை. அண்ணனிடம் தன் தாயாருக்கு மருந்து வாங்கிய ஒரு போலீஸ்காரன், ஒரு நாள் மடியில் மறைத்து ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். “இது ஒண்ணு வாணாம்னு தூக்கிப் போட்டாங்க அண்ணாத்தே. ஒங்க புள்ளதானே.”

அந்த நாலாவது படம். குட்டைக்கு மேலே பிள்ளை நிற்கிறது, காற்றில். இரண்டு காலும் தரையில் இல்லை. வாய் திறந்திருக்கிறது, அரிசி மாதிரிப் பல் வரிசை தெரிகிறது. காதில் புதுக் கம்மல். ஒவ்வொரு மயிரும் தனித்தனி. கண் நேராக நம்மைப் பார்க்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். அண்ணன் படுத்தபடியே அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூஞ்சி வந்துடுச்சி பாத்தியா.”

“ஏரிதான் சரியா வரலண்ணா” என்றேன். பின்னால் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வெளுப்பாக ஒரு மங்கல்தான் இருந்தது.

“வராது. கிட்ட கீறத புடிச்சா தூரத்துல கீறது மங்கிடும். பாய் சொன்னாரே, ரெண்டும் ஒண்ணுல ஆவாதுன்னு.” என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஏரிக்கு இன்னா, அது அங்கியேதான் கெடக்கும்” என்றார்.

வைகாசியில் போனார். எங்கள் பக்கம் இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பூந்தமல்லியில் படம் எடுக்கிறவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போயிருந்தார். வேறு ஆள் தேடி வண்டி அனுப்பினோம். ஆள் இருந்த இடத்தில் சுருள் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்தபடி மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம். பிறகு தூக்கிவிட்டார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது ஒப்பாரி இல்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதையே கேட்டாள். “அவன் மூஞ்சி எதுலயும் அழியலியே. அவன் எந்தப் படத்துலயும் இல்லியே. அப்பறம் எப்டி போனான்?” என்னிடமும் கேட்டாள். ஏரிக்குப் போகலாம் என்று சொன்னவள் நான் என்று அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டிக்கு முன்னால் யார் ஆடினார்கள், யார் ஆடவில்லை என்று வருஷக்கணக்காகக் கணக்குப் பார்த்த வீடு நாங்கள். பின்னால் ஒருவர் நின்று எண்ணிக்கொண்டிருந்தாரே, அவரை யாரும் பார்க்கவில்லை. அம்மா சொன்னதை நான் இப்போது நம்புகிறேனா என்று பேத்தி கேட்கிறாள். பாம்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெட்டி என்ன செய்யும் என்று பகலில் தோன்றும். ஆனால் அண்ணனுக்கு வந்ததற்குப் பெட்டியும் காரணம் இல்லை, ஜப்பான்காரனும் காரணம் இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

குதிக்கிற பிள்ளை இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவள். கால்தான் கொஞ்சம் இழுக்கிறது. அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள், அந்தக் காலத்தில் இப்படி ஒரு படமா என்பார்கள். யார் எடுத்தது என்று கேட்பார்கள். என் அண்ணன் என்பேன். அவர் படம் எங்கே என்பார்கள். அவர் எப்படி இருப்பார் என்று சொல்லச் சொன்னால், மூக்கு எங்கள் நைனா மூக்கு, நெற்றி அகலம், இடது புருவத்தில் ஒரு வெட்டு என்று சொல்வேன். இடதா வலதா என்று இந்த இரண்டு மூன்று வருஷமாக எனக்கே நிச்சயம் இல்லை.

என் பேரன் ஒரு மாதமாகக் கேமரா தேடிக்கொண்டிருந்தான். அவன் பையன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறான். கையில் இருப்பதில் எடுத்தால் அழிந்து அழிந்து வருகிறதாம். ஓடுகிற பிள்ளையும் வரவேண்டும், எப்போதாவது வெளியூர் போனால் மலை, ஆறு எல்லாமும் வரவேண்டும் என்றான். போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் எல்லாரையும் வாசலில் கூட்டி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே போய் நின்றுகொண்டான்.

“ஆயா, நீ ஆடினாக்கூட இதுல வரும். பயப்படாம உக்காரு” என்றான்.

“அத தங்கச்சி கையில குடு” என்றேன். “நீ வந்து எம் பக்கத்துல நில்லு.”

“நான் அப்பறம் நிக்கறேன் ஆயா. மொதல்ல ஒங்கள எல்லாம் எடுத்துடறேன்.”

“அப்பறம் இல்ல. இப்போ.”

என்ன இது, வயதானவள் பிடிவாதம் என்று சிரித்தார்கள். அவன் கேமராவைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தான். என் தோளில் அவன் கை விழுந்த பிறகுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.